கழுத்தில் தெரிந்த செபமாலை

(வானொலி மறையுரை: புனித யோசேவாஸ் திருநாள், சனவரி 16)



இந்த வாரம் உறைபனி கடுமையாக விழுகிறது. விடியற்காலையில் கோயிலைத் திறக்கப் போனால் புல்வெளியெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடக்கிறது. பள்ளத்தில் உள்ள தேயிலை கருகியிருக்கும். உங்களில் பலர் அந்தக் கவலையோடுதான் இருப்பீர்கள். ஆகவே நீட்டாமல் பேச முயல்கிறேன். முயற்சிதான், வாக்குறுதி அல்ல. சாமியார்கள் நேரத்தைப் பற்றிக் கொடுக்கும் வாக்குறுதி உங்களுக்குத் தெரிந்ததுதானே.

பொங்கலுக்கு மறுநாள் திருச்சபை கொண்டாடும் புனிதர் யோசேவாஸ். இலங்கையின் திருத்தூதர் என்று அவரை அழைக்கிறோம். அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

2015-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அப்போது நான் கூடலூர்ப் பக்கத்தில் ஒரு பங்கில் இருந்தேன். அதைச் சேர்ந்த கிளைக் கோயில் ஒன்று தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. தகரக் கூரை, ஐம்பது அறுபது பேர் உட்காரலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தார். அந்த ஞாயிறு அவர்களுக்கு யோசேவாஸைப் பற்றி மறையுரை ஆற்றினேன். அவர்கள் விட்டுவந்த நாட்டின் புனிதர். மகிழ்வார்கள் என்று எண்ணினேன்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது என் மனத்தில் தங்கிய ஒரு செய்தியையும் அன்று சேர்த்துக்கொண்டேன். பழைய அயர்லாந்துத் துறவிகளைப் பற்றியது. ஏழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அயர்லாந்து மறையுரை ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. மறைசாட்சியம் பல நிறம் உடையது என்று அது சொல்கிறது. இரத்தம் சிந்துவது சிவப்பு. கடவுளுக்காகத் தான் நேசிக்கும் எல்லாரையும் விட்டுப் பிரிவது வெண்மை. அந்த நாட்டில் உரோமையப் படைவீரர் இல்லை, சிங்கக் கெபி இல்லை. விசுவாசத்துக்காக உயிர் கொடுக்க வாய்ப்பு அரிது. ஆகவே அந்தத் துறவிகள் தங்களுக்கு மிகவும் பிரியமான ஒன்றைக் கொடுத்தார்கள். அது அவர்களுடைய ஊர். கொலும்பா என்ற துறவி 563-இல் பன்னிரு தோழரோடு கடல் கடந்து, ஸ்காட்லாந்துக் கரையில் உள்ள அயோனா என்ற சின்னத் தீவுக்குப் போனார். அவருக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்த கொலும்பானுஸ் இன்றைய பிரான்சுக்குப் போனார். கொலும்பானுஸ் இளைஞனாகத் துறவுக்குப் புறப்பட்டபோது தாய் அழுது வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டார். மகன் தாயைத் தாண்டிக்கொண்டு போனார் என்று அவர் வரலாற்றை எழுதியவர் குறித்து வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் அன்று நான் உருக்கமாகச் சொன்னேன். கொலும்பானுஸ் போல யோசேவாஸும் கோவாவில் வீடு, உறவு, மதிப்பு எல்லாவற்றையும் விட்டுக் கடல் கடந்தார்; சொந்த ஊரை விடுவதே பெரிய காணிக்கை; நீங்களும் ஊரை விட்டு வந்தவர்கள், அந்தக் காணிக்கையைக் கொடுத்தவர்கள் என்று முடித்தேன். நன்றாகப் பேசிவிட்டோம் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது.

திருப்பலி முடிந்து வாசலில் நின்றேன். ஒரு பாட்டி வந்தார். எழுபது வயதிருக்கும். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து கல்யாணம் கட்டி, கைக்குழந்தையோடு கப்பலேறியவர். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாமி, பிரசங்கம் நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா அவரு விட்டுட்டுப் போனாரு. எங்கள அனுப்பிட்டாங்க. ரெண்டும் ஒண்ணா சாமி?"

கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் ஏதோ சமாளித்தேன். பிறகு வண்டியில் திரும்பும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, நம் நீலகிரியில் இந்த வரலாறு தெரியாத பங்கு குறைவு. ஆனாலும் இளையோருக்காகச் சொல்கிறேன். நம் முன்னோர் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கண்டிச் சீமைக்குப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. தலைமுறை தலைமுறையாகக் காட்டை வெட்டி மலையைத் தோட்டமாக்கினார்கள். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; மிச்சம் இருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பத்து ஆண்டு கழித்து அவர்களையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். ஆட்டுக்கிடையைப் பிரிப்பதற்கும்கூட மேய்ப்பன் ஆட்டின் முகத்தைப் பார்ப்பான். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, சீட்டில் எழுதிய ஊருக்குப் போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் நம் மலையில் தொடங்கியது. இன்று டான்டீ என்று அதைச் சொல்கிறோம்.

இதை 'அழைப்பு' என்று நான் சொல்லலாமா? ஆபிரகாமைக் கடவுள் அழைத்தார்; அவர் புறப்பட்டார். இந்த மக்களை அழைத்தது யார்? இரண்டு அரசுகள் ஒரு மேசையில் எண்ணிக்கை எழுதின. அதை ஆண்டவருடைய சித்தம் என்று நான் சொன்னால், செய்தவர்களின் பழியை ஆண்டவர் மேல் போடுகிறேன். இறையியல் படித்தவன் என்று சொல்லிக்கொள்ளும் நான் அந்தத் தகரக் கூரையின் கீழ் ஏறக்குறைய அதைத்தான் செய்தேன்.

அதன் பிறகு நான் கொலும்பானுஸைத் திரும்பவும் எடுத்துப் படித்தேன். குருமடத்தில் பாதிக் கதையைத்தான் மனத்தில் வாங்கியிருந்தேன் என்று அப்போது தெரிந்தது. மீதிக் கதை இது. அவர் பிரான்சில் லுக்சே முதலிய இடங்களில் துறவு மடங்களைக் கட்டி இருபது ஆண்டு உழைத்தார். அங்கே ஆண்ட அரசன் முறைப்படி மணம் செய்யாமல் பெற்ற பிள்ளைகளை ஆசீர்வதிக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். அரச குடும்பத்தின் பகை வந்தது. 610-இல் அவரை வெளியேற்றினார்கள். அயர்லாந்திலிருந்தும் பிரித்தானியப் பகுதியிலிருந்தும் வந்த துறவிகள் மட்டும் கூடப் போகலாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் மடத்திலேயே இருக்க வேண்டும் என்று கட்டளை. காவலோடு நாந்து துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அவரை அயர்லாந்துக்கே திருப்பி அனுப்பக் கப்பல் தயார் செய்தார்கள். வேறு வார்த்தையில் சொன்னால், அவரையும் 'தாயகம் திரும்பியவர்' ஆக்கப் பார்த்தார்கள். எழுபது வயதை நெருங்கும் மனிதர். அங்கிருந்து, பிரிந்துபோன தம் துறவிகளுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் வீராப்பு இல்லை. கண்ணீரோடு எழுதுகிற தகப்பனின் கடிதம் அது. தாயைத் தாண்டிப் போன அதே மனிதர்தான் அதை எழுதினார்.

தானாக விட்டுப் போனபோது அழாதவர், அனுப்பப்பட்டபோது அழுதார். அப்படியானால் பாட்டி கேட்டதற்கு விடை அங்கேயே இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. புனிதருக்கே ஒன்றாக இருக்கவில்லை.

கப்பலை அலை திருப்பிக் கரையில் தள்ளியதாம். கப்பல்காரன் பயந்து துறவிகளை இறக்கிவிட்டான். அவர் அயர்லாந்துக்குப் போகவே இல்லை. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குப் போய், பொப்பியோ என்ற இடத்தில் 614-இல் கடைசி மடத்தைக் கட்டி, அடுத்த ஆண்டு இறந்தார்.

இனி நம் யோசேவாஸுக்கு வருவோம். அவரைப் பற்றியும் பாதிதான் சொல்லியிருந்தேன்.

அவர் 1651-இல் கோவாவில் பெனாலிம் என்ற ஊரில் பிறந்தார். கொங்கணி பேசும் மதிப்புள்ள குடும்பம். 1676-இல் குருவானார். அவர் பிறந்த ஐந்தாம் ஆண்டில் கொழும்பும், ஏழாம் ஆண்டில் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. அவர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள், கோயில்களைப் பிடித்துக்கொண்டார்கள், திருப்பலியைத் தடை செய்தார்கள். அந்தத் தீவில் ஆயன் இல்லாத மந்தை இருக்கிறது என்ற செய்தி அவரை விடவில்லை. ஐரோப்பியக் குரு போனால் முகமே காட்டிக் கொடுத்துவிடும். இந்த மண்ணின் நிறமுள்ளவன் போனால் கூட்டத்தில் கலந்துவிடலாம். 1687-இல் யோவான் என்ற உதவியாளரோடு தூத்துக்குடியில் கப்பலேறினார். குருவுக்குரிய உடை இல்லை, கூலியாளின் துணி. நம் மக்கள் ஏறக்குறைய இருநூற்று எண்பது ஆண்டு கழித்து எந்தக் கடலை இந்தப் பக்கமாகத் தாண்டினார்களோ, அதே கடலை அவர் அந்தப் பக்கமாகத் தாண்டினார். புயல் அடித்து மன்னாரில் ஒதுங்கினார்கள். பசியாலும் தாகத்தாலும் வாடி, பிறகு யாழ்ப்பாணம் சேர்ந்தபோது வயிற்றுக்கடுப்பு. தொற்றிக்கொள்ளும் என்று பயந்து ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் போட்டுவிட்டார்கள். அங்கே ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். இலங்கையின் திருத்தூதர் என்று நாம் போற்றுகிறவர் இலங்கையில் செய்த முதல் வேலை என்ன? போதித்தாரா? திருமுழுக்குக் கொடுத்தாரா? இல்லை. படுத்துக் கிடந்து, முன்பின் தெரியாத ஒரு பெண் கொடுத்த கஞ்சியைக் குடித்தார். அந்தப் பெண்ணின் பெயரை நம்மில் யாரும் அறியோம். கஞ்சி இல்லையென்றால் புனிதரும் இல்லை.

உடம்பு தேறியதும் யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்க முடியாது, கேட்டால் அவருக்கும் ஆபத்து, பதில் சொல்கிறவருக்கும் ஆபத்து. ஆகவே கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று. சிலர் பார்த்தார்கள். மெதுவாக விசாரித்தார்கள். அப்படித்தான் மறைந்திருந்த மந்தை அவரைக் கண்டுபிடித்தது. கவனியுங்கள், அவர் மந்தையைக் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறோம். நடந்தது தலைகீழ். சில்லாலைக் கிராமத்து மக்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். அங்கிருந்து இரவில் திருப்பலி, விடிவதற்குள் வேறு வீடு. தமிழ் அவர் கற்றுக்கொண்ட மொழி.

ஏறக்குறைய முப்பது ஆண்டு குருவே இல்லாமல் அந்த மக்கள் விசுவாசத்தைக் காத்திருக்கிறார்கள். தாய் பிள்ளைக்குச் சொல்லி, பாட்டி பேரனுக்குச் சொல்லி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மாதம் ஒரு முறை சாமி வந்தால் பெரிது என்றிருந்த காலத்தில் உபதேசியார்தான் செபம் சொல்லிக் கொடுத்தார். அவர்தான் நோயாளியைப் பார்த்தார், அடக்கமும் செய்தார். நாங்கள் வந்து திருமுழுக்கு ஏட்டில் கையெழுத்துப் போட்டோம்.

1689 கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் செபத்துக்குக் கூடியிருந்தவர்களைச் சூழ்ந்து பிடித்தார்கள். யோசேவாஸ் அகப்படவில்லை, மக்கள் அகப்பட்டார்கள், கசையடிபட்டார்கள். குரு தப்பினார், கஞ்சி கொடுத்தவர்கள் அடிவாங்கினார்கள். அந்தப் பாரத்தோடுதான் அவர் புத்தளம் வழியாகக் கண்டிக்குப் போனார் என்று நினைக்கிறேன். 1692-இல் கண்டியில் நுழைந்தவரைப் போர்த்துக்கீசிய ஒற்றன் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். சிறையில் சிங்களம் கற்றார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் பௌத்தர். அவர் இந்தக் கைதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டார். ஒரு வறட்சிக் காலத்தில் யோசேவாஸ் மன்றாட மழை பெய்தது என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கதை. எனக்கு மழையைவிட 1697 பெரிதாகத் தெரிகிறது.

அந்த ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரே நகரை விட்டு வேறிடம் போய்விட்டார். வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் மற்றவர்கள் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினார்கள். யோசேவாஸும் அவருடைய உறவினர் அருள்தந்தை யோசேப்பு கர்வால்யோவும் குடிசை குடிசையாகப் போனார்கள். புண்ணைக் கழுவினார்கள், கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். கிறிஸ்தவரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் கிடந்து ஒரு பெண்ணின் கையால் வாங்கிக் குடித்தாரே, அந்தக் கஞ்சிதான் பத்தாண்டு கழித்துக் கண்டியில் ஊட்டப்பட்டது. நான் அப்படித்தான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆயர் பொறுப்பு தேடி வந்தபோது வேண்டாம் என்றார். கோவாவுக்குத் திரும்பவே இல்லை. 1711 சனவரி 16-இல் கண்டியில் இறந்தார். தாம் கட்டிய கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னால் வந்த குழப்பங்களில் அந்தக் கோயில் அழிந்தது. இன்று அவர் கல்லறை இருந்த இடத்தைக் காட்ட ஆள் இல்லை. புனிதராக உயர்த்தப்பட்டவர், ஆனால் ஒரு பூ வைக்கக் கல்லறை கிடையாது. இதை ஒரு முறை அந்தப் பாட்டியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அம்மாவையும் அங்கதான் பொதச்சோம். தேயிலைக்குள்ள. இப்ப யாரு போயி மெழுகுதிரி ஏத்துறா" என்றார். அன்று முதல் யோசேவாஸ் அவருக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். என் மறையுரை செய்யாததை அந்தக் காணாமல்போன கல்லறை செய்தது.

நம் நீலகிரிக்கும் இப்படி ஒருவர் வந்தார், தெரியுமா? 1603-இல். யோசேவாஸ் பிறப்பதற்கு 48 ஆண்டு முன்னால். ஜாக்கொமே ஃபெனிசியோ என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு கள்ளிக்கோட்டையிலிருந்து ஏறி வந்தார். இந்த மலையில் முன்னொரு காலத்தில் கிறிஸ்தவர்களாக இருந்து, குரு இல்லாமல் மறந்துபோனவர்கள் வாழ்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காணாமல்போன ஆடுகளைத் தேடி வந்தார். படகர்களைச் சந்தித்தார், தோடர்களைச் சந்தித்தார். அவர்கள் காணாமல்போனவர்கள் அல்ல, தங்கள் வழக்கத்தோடும் எருமையோடும் நன்றாகவே வாழ்கிறவர்கள் என்று கண்டார். பார்த்ததையும் கேட்டதையும் கடிதமாக எழுதிவிட்டு இறங்கிப் போனார். நம் மலையைப் பற்றி ஐரோப்பியர் எழுதியதில் பழையது அந்தக் கடிதம்தான். அவர் எதையும் நிறுவவில்லை. ஆனால் இல்லாததை இருப்பதாக எழுதவும் இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். அனுப்பப்பட்டவர்களுக்குக் கடவுளிடம் என்ன வார்த்தை இருக்கிறது? எரேமியா இறைவாக்கினர் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். 29-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, வீட்டில் எடுத்துப் படியுங்கள். நீங்கள் கொடுத்துவைத்தவர்கள், இது பெரிய காணிக்கை என்று அவர் எழுதவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற ஊரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்றுதான் சொல்கிறார். அதை நம் மக்கள் எரேமியாவைப் படிக்காமலே செய்தார்கள். ஆனால் வீடு? தோட்டத்து லைன் வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும் என்கிறார்கள். ஐம்பது ஆண்டு கொழுந்து பறித்தவருக்குத் தலைக்கு மேல் சொந்தக் கூரை இல்லை. இன்னொரு முறை மூட்டை கட்டச் சொல்வார்களோ என்ற பயத்தோடு தூங்குகிறவர்கள் நம் அன்பியங்களிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு மனு எழுத உட்காராமல், பீடத்தில் நின்று எரேமியாவை விளக்குவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கோயிலுக்குள்ளும் நிலைமை நேராக இல்லை. நான் வேலை செய்த பங்குகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்: "அவங்க சிலோன்காரங்க, ஃபாதர்." திருவிழாக் கமிட்டிக்குப் பெயர் எடுக்கும்போது, பெண் பார்க்கும்போது. இங்கேயே பிறந்து, உதகையைத் தாண்டி எங்கும் போகாத பையனும் சிலோன்காரன்தான். இலங்கையில் இருந்தவரை 'இந்தியாக்காரன்'. இங்கே வந்ததும் 'சிலோன்காரன்'. நற்கருணை வரிசையில் மட்டும் ஒரே குடும்பம்.

இப்போது நம் தோட்டங்களுக்கு வேறொரு கூட்டம் வருகிறது. ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்து. அவர்களைப் பற்றி நம் மக்கள் பேசுவதையும் கேட்கிறேன்: "இந்திக்காரங்க வந்ததாலதான் நம்ம கூலி ஏற மாட்டேங்குது." அந்த வருத்தத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை, வயிற்றுப்பாடு பேசுகிற பேச்சு அது. ஆனால் அந்த வரிசையில் நிற்கிறவன் யார் என்று நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. எங்கள் பங்கு எல்லையில் உள்ள ஒரு தோட்டத்துக்கு ஏழெட்டு இளைஞர்களும் இரண்டு குடும்பங்களும் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை அந்தப் பாதையில் வண்டியில் போகிறேன். கை காட்டுவார்கள், நானும் காட்டுவேன். அவ்வளவுதான்.

அவர்களைக் கண்டுபிடித்தவர் எங்கள் பங்கில் உள்ள ஒரு பெரியவர். ஒன்பது வயதில் தாய் கையைப் பிடித்துக்கொண்டு இராமேஸ்வரத்தில் இறங்கியவர். மகளுக்குப் பதிலாகக் கொழுந்து மூட்டையை நிறுவைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். வரிசையில் முன்னால் நின்ற பையனின் சட்டைக் காலருக்குள் நீல நிறப் பிளாஸ்டிக் செபமாலை. இவருக்கு இந்தி தெரியாது. அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது. இவர் தன் கழுத்தில் கிடந்த செபமாலையை வெளியே இழுத்துக் காட்டியிருக்கிறார். பையன் சிரித்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டிருக்கிறான். முடிந்தது விசாரணை. அன்று மாலை ஐந்து பேரையும் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தேங்காய் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கொடுத்தாராம். "ரொட்டின்னா அவங்களுக்கும் ரொட்டிதான் சாமி. அந்த ஒரு வார்த்த போதுமா இருந்திச்சி" என்று என்னிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேரைக் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, கதவோரத்தில் தான் நின்றுகொண்டார்.

அவர்கள் ஜார்க்கண்டின் பழங்குடிக் கத்தோலிக்கர். 1885-இல் சோட்டா நாக்பூருக்கு வந்த லீவன்ஸ் அடிகளார் என்ற பெல்ஜியக் குருவின் காலத்திலிருந்து வரும் விசுவாசம். நாலு மாதம் திருப்பலி இல்லாமல் இருந்திருக்கிறார்கள். ஞாயிறு மாலையில் லைன் வீட்டுக்குள் கூடித் தங்கள் மொழியில் செபமாலை சொல்லியிருக்கிறார்கள். வெளியே சத்தம் வராமல், ஏனென்றால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று. இதைக் கேட்டபோது எனக்குச் சில்லாலை ஞாபகம் வந்தது. ஒல்லாந்தர் இல்லாத ஊரில், கோயில் மணி கேட்கிற தூரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு செபிக்கிறார்கள். சாத்த வைத்தது எந்தச் சட்டமும் அல்ல.

நான் இப்போது ஐம்பத்தைந்து வயதில் இந்தி படிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்காமல் தப்பித்தது இப்போது வந்து பிடித்துக்கொண்டது. எங்கள் பங்கின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒப்புரவு அருட்சாதனம் கேட்க வேண்டிய அளவுக்காவது வர வேண்டும்.

வருகிற 16-ஆம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் கோயிலில் புனித யோசேவாஸ் திருநாள் திருப்பலி. வாசகத்தை முதலில் தமிழிலும் பிறகு இந்தியிலும் வாசிப்பார்கள். இந்தியில் வாசிக்கப்போவது அந்த நீலச் செபமாலைப் பையன். நேற்று இரவு இரண்டு முறை பயிற்சி எடுத்தான், குரல் நடுங்குகிறது. திருப்பலிக்குப் பிறகு கோயில் வாசலில் எல்லாருக்கும் சுடச்சுடக் கஞ்சி. சம்பல் பெரியவர் வீட்டிலிருந்து வருகிறது. குளிர் அதிகம், கம்பளி எடுத்துக்கொண்டு வாருங்கள். முடிந்தவர்கள் இரண்டாகக் கொண்டுவாருங்கள், வந்திருக்கும் குடும்பங்களில் இரண்டு கைக்குழந்தைகள் இருக்கிறார்கள்.